வாயால் ரயில் ஓட்டிய மனிதர்

எங்கள் வீட்டு மாடியில் ரயில் ஓடத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. சனிக்கிழமை காலையில் கொஞ்சம் கூட நேரம் நித்திரை கொள்ளலாம் என்று படுத்திருப்பேன். மகனின் அறையிலிருந்து அது மெல்லக் கிளம்பும். முதலில் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். பிறகு சக்கரம் உருளும், வேகம் பிடிக்கும், தூரத்தில் எங்கேயோ கூவும். "உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்கோ, பக்கத்து வீட்டுச் சனம் வந்து பெல் அடிக்கப்போகுது" என்று மனைவி தலையணைக்குள் இருந்து சொல்லுவார்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் தெற்குப் பக்கம். ட்ரொஸ்ஸிங்கன் என்ற சிறிய ஊர் எங்களுக்குக் கிட்டத்தான். மணிக்கூடு செய்யும் தொழிலில் இருந்த மத்தியாஸ் ஹோனர் என்பவர் 1857இல் அங்கே மௌத் ஓகன் செய்யத் தொடங்கினார். இன்றைக்கும் அந்த ஊரின் பெயரைச் சொன்னால் மௌத் ஓகன்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதற்கென்று ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. பள்ளிக்கூட லீவில் ஒரு நாள் மகனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது அவன் கையில் பத்துத் துளையுள்ள ஒரு மௌத் ஓகன் இருந்தது. பதினாலு வயதுப் பிள்ளை, இரண்டு கிழமையில் அலுத்துப்போய்விடும் என்று நினைத்தேன். அலுக்கவில்லை.

ஒரு நாள் மேலே போய், "ஊதினது காணும், இறங்கி வா ராசா" என்றேன். "அப்பா, இது ஊதுறது இல்லை, இழுக்கிறது. ப்ளூஸ் எண்டால் முக்கால்வாசி உள்ளுக்கு இழுக்கிறதுதான்" என்றான். பிறகு தன் போனில் ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டான். கரகரப்பான சத்தம். "எத்தினை பேர் வாசிக்கினம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்?" கவனமாகக் கேட்டேன். தண்டவாளத்துத் தாளம் ஒன்று, ரயிலின் கூவல் ஒன்று, நடுவில் ஒரு பாட்டு. "மூண்டு பேர் இருக்கும்" என்றேன்.

"ஒராள்தான் அப்பா. ஒரேயொரு மௌத் ஓகன்."

அந்த ஒராளின் பெயர் டிஃபோர்ட் பெய்லி. அன்றைக்கு இரவு தொடங்கியது, அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். மகன் இசைக்காகத் தேடினான். நான் தேடியது வேறு ஒன்றுக்காக. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டிலில் படித்த பாடம்

டிஃபோர்ட் பெய்லி பிறந்தது 1899 டிசம்பர் 14ஆம் திகதி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஸ்மித் கவுண்டி என்ற நாட்டுப்புறம். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். தாயை மிகச் சின்ன வயதிலேயே இழந்தவர். தகப்பனின் சகோதரியும் அவரின் கணவரும்தான் வளர்த்தார்கள்.

மூன்று வயதில் போலியோ வந்தது. ஒரு வருடம் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். கையையும் தலையையும் மட்டும்தான் அசைக்க முடிந்தது. அந்தக் கையில் வீட்டார் கொடுத்தது மௌத் ஓகன். மற்றக் குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை கொடுத்தார்கள், எனக்கு இதைக் கொடுத்தார்கள் என்ற அர்த்தத்தில் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உயிர் தப்பினார். ஆனால் முதுகு கொஞ்சம் வளைந்தது, உயரம் ஐந்து அடியைத் தொடவில்லை.

வேறு வேலையில்லாமல் படுத்திருக்கும் பிள்ளைக்குக் காதுதான் உலகம். தூரத்து நாயின் ஊளை, நரி வேட்டைக்குப் போகிற ஆட்களின் கூப்பாடு, கோழிகளின் கொக்கரிப்பு, காற்று, இரவில் போகிற ரயில். கேட்டதையெல்லாம் அந்தச் சின்னத் துளைகளுக்குள் கொண்டுவரப் பார்த்தார். நடக்கத் தொடங்கிய பிறகு, பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு ரயில் பாலம் இருந்தது. ரயில் வரும்வரை அதன் கீழே காத்து நிற்பார். வந்ததும் கண்ணைப் பொத்திக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பார். பிறகு பள்ளிக்கூடம் வரைக்கும் அதை வாசித்துக்கொண்டு போவார்.

அவருக்குக் குரு என்று சொல்ல ஆள் வேண்டுமென்றால் தாத்தா லூயிஸ் பெய்லியைச் சொல்லலாம். அந்தப் பகுதியில் பெயரெடுத்த ஃபிடில் வாசிப்பாளர். சித்தப்பா, அத்தை என்று குடும்பமே பாஞ்சோ, கிட்டார், மண்டலின் என்று ஏதாவது ஒன்றை மீட்டியது. அவர்கள் வாசித்ததைப் பெய்லி 'கறுப்பு ஹில்பில்லி இசை' என்றுதான் சொல்லுவார். இது முக்கியமான சொல். மலைநாட்டு வெள்ளையர்களின் சொத்து என்று பின்னால் விற்கப்பட்ட கன்ட்ரி இசை, அந்தக் காலத்தில் கறுப்பினக் குடும்பங்களின் வீட்டு முற்றத்திலும் அதே அளவுக்குப் புழங்கியது. ப்ளூஸ் கறுப்பருக்கு, கன்ட்ரி வெள்ளையருக்கு என்று வேலி போட்டது பின்னால் வந்த இசைத்தட்டு வியாபாரம். கேட்பவரின் நிறத்தைப் பார்த்துத்தான் அவர்கள் இசைத்தட்டு வரிசைகளையே பிரித்தார்கள்.

துளைக்குள் இருக்கும் கெட்டித்தனம்

இந்த இடத்தில் மகன் எனக்குச் சொல்லித்தந்த பாடத்தை உங்களுக்கும் சொல்லவேண்டும். மௌத் ஓகனில் பத்துத் துளை. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு பித்தளை நாக்குகள், மொத்தம் இருபது. ஒன்று ஊதும்போது அதிரும், மற்றது இழுக்கும்போது. இதை வடிவமைத்தவர்களின் மனதில் இருந்தது ஜெர்மன் நாட்டுப்பாடலும் நடன மெட்டும்தான். ஊதினால் வீட்டுச் சுருதி, இழுத்தால் மற்ற ஸ்வரங்கள் என்பது அவர்களின் கணக்கு.

அமெரிக்கத் தெற்கில் இருந்த கறுப்பினக் கலைஞர்கள் அந்தக் கணக்கை மாற்றினார்கள். சி சுருதிக்குச் செய்த கருவியில் ஜி சுருதியில் வாசித்தார்கள். அப்போது இழுக்கிற பக்கம் வீடாகிவிடும். இழுக்கும்போது நாக்கையும் தொண்டையையும் இடம் மாற்றினால் ஸ்வரம் கீழ்நோக்கி வளையும். எங்கட ஆட்கள் கமகம் என்று சொல்லுவதற்குப் பக்கத்தில் நிற்கிற வேலை அது. அழுகைக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட அந்தச் சத்தம் அப்படித்தான் வருகிறது. தொழிற்சாலையில் செய்தவர்கள் கற்பனை செய்யாத ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் கண்டுபிடித்தார்கள்.

பெய்லி இதற்கு மேலும் போனார். மூச்சை உள்ளே வெளியே என்று தாளமாக்கி, அதன் மேல் மெட்டை ஏற்றி, இரண்டு கையாலும் கருவியைப் பொத்தித் திறந்து சத்தத்தைத் தூரமாக்கிக் கிட்டவாக்கி, ஒரு முழு ரயிலைத் தனியாக ஓட்டினார். பக்கவாத்தியம் தேவைப்படவில்லை. அதே காலத்தில் மெம்ஃபிஸில் நோவா லூயிஸ் ஜாடி இசைக்குழுவோடு வாசித்தார். 1937இல் ஜோன் லீ வில்லியம்சன் இசைத்தட்டுப் பதிந்து, மௌத் ஓகனைக் குழுவின் நடுவில் வைத்தார். லிட்டில் வோல்டர் 1952இல் அதை மைக்கோடு சேர்த்துப் பிடித்து மின்சாரக் கருவி போலவே ஆக்கினார். வரிசையில் முன்னால் நின்ற பெய்லியின் ஆட்கள் இல்லாத வாசிப்பு இவை எதற்குள்ளும் அடங்காது.

முகம் தெரியாத குரல்

1918 அளவில் நாஷ்வில் நகரத்துக்கு வந்தார். பணக்கார வீடுகளில் எடுபிடி வேலை, ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் வேலை. லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கும் வாசிப்பார். 1925 இறுதியில் ஒரு உள்ளூர் வானொலி நடத்திய போட்டியில் இரண்டாமிடம். பிறகு டொக்டர் ஹம்ஃப்ரி பேட் என்ற வைத்தியர், அவரும் மௌத் ஓகன் வாசிப்பவர், இவரை டபிள்யூஎஸ்எம் வானொலிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வானொலியின் முதலாளி ஒரு காப்புறுதி நிறுவனம். சனிக்கிழமை இரவு நாட்டுப்புற இசை நிகழ்ச்சி ஒன்று அதில் பெயரெடுத்துக்கொண்டிருந்தது. நிகழ்ச்சியை நடத்தியவர் ஜோர்ஜ் ஹே. முன்பின் கேட்டிராத ஆளை மேடையேற்ற அவர் தயங்கினார். பேட் விடவில்லை. வாசித்து முடித்ததும் ஹே மகிழ்ந்துபோய், 'ஹார்மோனிகா மந்திரவாதி' என்று பட்டமே கொடுத்துவிட்டார்.

அந்த நிகழ்ச்சிக்கு 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற பெயர் வந்ததே பெய்லி வாசித்த ஒரு இரவில்தான். 1927 டிசம்பர். ஹே பின்னால் எழுதிய கதையின்படி, அவர்களுக்கு முன்னால் நியூயோர்க்கிலிருந்து செவ்வியல் இசை நிகழ்ச்சி போனது. அதன் நடத்துநர், செவ்வியல் இசையில் நிஜத்தை அப்படியே காட்டுவதற்கு இடமில்லை என்று சொல்லி, விதிவிலக்காக ரயிலைப் பற்றிய ஒரு படைப்போடு முடித்தார். ஹே மைக்கைப் பிடித்து, இனி மூன்று மணித்தியாலம் நிஜத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று பகிடியாகச் சொல்லி, பெய்லியைக் கூப்பிட்டார். சின்சினாட்டிக்கும் நியூ ஓர்லியன்ஸுக்கும் இடையில் ஓடிய பான் அமெரிக்கன் ரயிலைப் பெய்லி வாசித்தார். இவ்வளவு நேரமும் கேட்டது கிராண்ட் ஒபரா, இனிக் கேட்கப்போவது கிராண்ட் ஓல் ஓப்ரி என்று ஹே அறிவித்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அதே 1927இல் நியூயோர்க்கில் பிரன்ஸ்விக் நிறுவனத்துக்கு இசைத்தட்டுகள் பதிந்தார். 1928 ஒக்டோபரில் விக்டர் நிறுவனம் நாஷ்வில்லுக்கே வந்து பதிவு செய்தபோது அதிலும் வாசித்தார். இன்றைக்கு உலகத்தின் இசை நகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊரின் முதல் வர்த்தக ஒலிப்பதிவுகளில் ஒரு கறுப்பினத்தவரின் மூச்சு இருக்கிறது. அந்த ஆண்டின் 52 சனிக்கிழமைகளில் 49இல் அவர் மேடையில் இருந்தார். வேறெந்தக் கலைஞரும் அத்தனை முறை வரவில்லை.

வானொலியில் நிறம் தெரியாது. அவரைக் கேட்டு ரசித்த வெள்ளையர் பலருக்கு, நேரில் பார்க்கும்வரைக்கும் அவர் யார் என்று தெரியாது.

குழுவோடு ஊர் ஊராகப் போகும்போதுதான் பிரச்சினை. மற்றவர்கள் தங்கிய ஹோட்டலில் இவருக்கு இடமில்லை, சாப்பிட்ட கடையில் மேசையில்லை. அங்கிள் டேவ் மேக்கன் என்ற பாஞ்சோ கலைஞர், இவர் என்னுடைய வேலைக்காரன் என்று பொய் சொல்லித் தன் அறையில் படுக்கவைத்திருக்கிறார். டெல்மோர் சகோதரர்கள் இவருக்கு இடம் கிடைத்த பிறகுதான் தங்கள் இடத்தைத் தேடுவார்களாம். நல்ல மனிதர்கள்தான். ஆனால் நல்ல மனிதர் ஒருவரின் வேலைக்காரனாக நடித்தால்தான் படுக்கலாம் என்ற நிலையில், ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் எடுத்து வந்து பார்த்த கலைஞர் இருந்தார். ரோய் ஏகஃப் அந்தக் காலத்தில் புதுமுகம். கூட்டம் வந்தது தனக்காக இல்லை, பெய்லிக்காக என்று பிற்காலத்தில் அவரே ஒத்துக்கொண்டார். கூட்டம் எவ்வளவு வந்தாலும் பெய்லிக்குக் கொடுத்தது நாளுக்கு ஐந்து டொலர் மாதிரி ஒரு தொகைதான்.

வெளியே அனுப்பிய கதை

1941இல் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காரணம் ஒரு வியாபாரச் சண்டை. பாடல்களின் உரிமைப் பணத்தை வசூலிக்கும் அஸ்காப் என்ற சங்கம் கட்டணத்தைக் கூட்டியது. வானொலிக்காரர்கள் பிஎம்ஐ என்று தங்களுக்கு ஒரு அமைப்பைத் தொடங்கி, 1941 ஜனவரி முதல் அஸ்காப் பாடல்களை ஒலிபரப்ப மறுத்தார்கள். பெய்லி வருடக்கணக்காக வாசித்துப் புகழாக்கிய உருப்படிகள் அதற்குள் மாட்டிக்கொண்டன. புதிதாக வாசி என்றார்கள். சனம் கேட்க வருவது என் பழைய உருப்படிகளைத்தான் என்றார் அவர். அந்த வருடம் முடியுமுன்னமே வானொலிகள் சங்கத்தோடு சமாதானமாகி, பழைய பாடல்கள் திரும்பி வந்தன. பெய்லி திரும்பி வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

1945இல் ஹே நிகழ்ச்சியின் வரலாற்றை ஒரு சிறு புத்தகமாக எழுதினார். அதில் பெய்லியைச் செல்லப்பிள்ளை போன்ற ஒரு காட்சிப் பொருளாகக் குறிப்பிட்டு, தன் இனத்தவர் சிலரைப் போல இவரும் சோம்பேறி, புதுப்பாட்டுப் படிக்க மறுத்தார் என்று எழுதிவைத்தார். சோம்பேறி! 52க்கு 49 கிழமை வந்த ஆள்.

இந்த இடத்தை வாசித்தபோதுதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொண்ணூறுகளில் இந்த நாட்டுக்கு வந்து, ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டு இருந்தேன். பிறகு சமைக்கவும் விட்டார்கள். நான் வைத்த சோஸை நல்லது என்று ஆட்கள் சொன்னால் முன்பக்கத்தில் வேறு ஒருவர் தலையாட்டுவார். சம்பளம் கூட்டிக் கேட்ட மாதம், இவனுக்கு வேலையில் மனமில்லை என்ற கதை என் காதுக்கு வந்தது. வாசிக்கிற உங்களில் பலருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். உழைப்பை எடுத்துக்கொள்ளும்போது பெயர் வேண்டாம். வெளியே அனுப்பும்போது மட்டும் இனம் ஞாபகம் வரும்.

பெய்லி நாஷ்வில்லில் ஏற்கெனவே வைத்திருந்த சப்பாத்துத் துடைக்கிற கடையைப் பார்த்துக்கொண்டார். முப்பது வருடத்துக்கு மேல். சப்பாத்தைக் கொடுத்துவிட்டு பேப்பர் வாசித்துக்கொண்டு நின்றவர்களில் எத்தனை பேர் சின்ன வயதில் இவரை வானொலியில் கேட்டிருப்பார்கள்! வாசிப்பை அவர் விடவில்லை, விற்பதைத்தான் விட்டார். எழுபதுகளில் பர்ட் ரெனால்ட்ஸ் படம் ஒன்றில் நடிக்கக் கேட்டபோதும் மாட்டேன் என்றார். நகர மறுசீரமைப்பு என்று அந்தப் பகுதியை இடித்தபோது கடை போனது. வயோதிபர்களுக்கான அரசாங்க அடுக்குமாடிக்குப் போனார். அங்கே 1973இல் வீடமைப்பு அதிகாரசபையில் வேலைசெய்த டேவிட் மோர்ட்டன் என்ற இளைஞர் இவரோடு பழகி, கதையைக் கேட்டுக் குறித்து, வாசிப்பைப் பதிவுசெய்து வைத்தார். பிறகு சார்ல்ஸ் வூல்ஃபோடு சேர்ந்து 1991இல் புத்தகமாகவும் எழுதினார். அந்த ஒரு ஆள் இல்லையென்றால் நான் இதை எழுதியிருக்க முடியாது.

1974இல் ஓப்ரி அவரைத் திரும்ப மேடைக்குக் கூப்பிட்டது. 75ஆவது பிறந்தநாளன்றும் வாசித்தார். 1982 ஜூலை 2ஆம் திகதி காலமானார். ஓப்ரியில் அடுத்த கறுப்பின உறுப்பினராகச் சார்லி பிரைட் சேர்ந்தது 1993இல், அதாவது 52 வருடத்துக்குப் பிறகு. கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் பெய்லியின் பெயரைச் சேர்த்தது 2005இல். ஓப்ரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2023இல்.

இதைச் சொன்னதும் மகன் கேட்டான்: "ஆரிட்ட மன்னிப்புக் கேட்டவை? அவர் செத்து நாப்பது வருசம் எல்லோ."

எங்கள் வீட்டுச் சிரட்டை

இனி நான் தேடிய மற்ற விஷயம். அமெரிக்க வெள்ளையரைக் குற்றம் சொல்லி முடித்துவிட்டால் இந்தக் கட்டுரை சுகமாக இருக்கும். ஆனால் பெய்லியை வாசிக்க வாசிக்க எனக்கு வேறு ஒரு முகம் வந்துகொண்டே இருந்தது.

என் அப்பப்பா இறந்தபோது எனக்கு எட்டு வயது. ஊரில் பெரிய செத்தவீடு. பறை அடிக்க ஒருவர் மகனோடு வந்திருந்தார். விடிய விடிய அடித்தார். அந்தத் தாளம் நெஞ்சுக்குள் போய் நின்றது இன்றைக்கும் நிற்கிறது. வந்த சனத்துக்கு மூக்குப்பேணியில் தேத்தண்ணி கொடுத்தார்கள். அவருக்கு வேலிக்கு வெளியே, சிரட்டையில். கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். மேலிருந்து ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினேன்.

போன கிழமை கனடாவில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுத்து, அவரின் பெயர் என்ன என்று கேட்டேன். "ஆருக்கடா தெரியும்? பறையடிக்கிற ஆள் எண்டுதானே சொல்லுறனாங்கள்" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அவரின் பெயரை எழுதிவைக்க எங்கள் ஊரில் ஒரு டேவிட் மோர்ட்டன் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் வீட்டுக்குள் எடுத்திருப்போமா தெரியாது.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நாங்கள் இனவாதம் பற்றி நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் பிழையாக வந்தாலும் ஆசிரியரிடம் போய் நிற்கிறோம். சரிதான். ஆனால் சிரட்டையைப் பற்றி அவர்களுக்குச் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு இரவுதான் முதல்முறையாகச் சொன்னேன். மகன் அதிகம் பேசவில்லை. "நீங்கள்தான் ஊத்தினீங்களா?" என்று மட்டும் கேட்டான். "ஓம்" என்றேன்.

பெரிய தீர்வு எதுவும் என்னிடம் இல்லை. ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் பகுதியில் ஒரு கலைவிழா. நோட்டீஸ் வந்திருக்கிறது. அனுசரணையாளர் பெயர்கள் கடையின் விலாசத்தோடு இருக்கின்றன. பேச்சாளர்களின் பட்டங்கள் இருக்கின்றன. கடைசி வரியில் 'பறை முழக்கம்' என்று மட்டும் போட்டிருக்கிறது. யார் முழக்குவது என்று இல்லை. ஏற்பாட்டாளர் தம்பிக்குப் போன் எடுத்து, வாசிக்கிற பிள்ளைகளின் பெயரைப் போடுங்கோ, அவையளுக்கு என்ன கொடுக்கிறீங்கள் எண்டும் சொல்லுங்கோ என்றேன். "இடம் காணாது அண்ணை" என்றார். அனுசரணையாளர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் இரண்டு பெயருக்கு இடம் வரும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

நேற்றுப் பின்னேரம் திருத்திய நோட்டீஸ் வந்தது. நான்கு பெயர்கள் இருந்தன. மகன் அதை வாங்கி ஒருதடவை சத்தமாக வாசித்துவிட்டு, மாடிக்குப் போய் ரயிலைக் கிளப்பினான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை.